கறள் பிடித்த கிற்றார்

12.8.94, வெள்ளி

கோயில் கிற்றாரின் வெடிப்பை மறைக்க ஏதாவது நிறம் பூசச் சொல்லி மனைவி றீற்றாவிடம் கொடுத்திருந்தேன். அவள் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்றை வலைத்துண்டால் ஒற்றி ஒற்றி, அதைக் கறள் பிடித்த இரும்பாக்கிவிட்டாள். ஞாயிறு பூசைக்கு இதையா கொண்டுபோவது என்று கத்தினேன்.

பின்னேரம் அவளுடைய அப்பா வந்தார். நாற்பது வருடம் கடலில் கறளோடு மல்லுக்கட்டியவர்.

"ஆர் தம்பி தகரத்திலை கிற்றார் செய்தது? உப்புக்காத்து திண்டுபோட்டுது."

பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலில் ஒன்றுமில்லை. மறுபடியும் தேய்த்தார்.

"அது மரம் அப்பா," என்றாள் றீற்றா.

மாமா விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார்.

கத்தியதற்கு அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. சற்று முன் கிற்றாரை மடியில் வைத்து வாசித்தேன். மரமென்று தெரியும். ஆனாலும் எழும்பியதும் உடுத்திருந்த சாரத்தில் கறள் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.