கறுப்பு பிளஷரும் பச்சை பிளஷரும்

தாது வருஷம், சித்திரை 9 (1936)

வத்தல் போட்டுவிட்டு நிமிரவில்லை, இவுக வந்து, "முத்துவடிவு, பிளஷர் கார் வாங்கப் போறேன்" என்றாவ. ஏதோ கத்தரிக்காய் வாங்கப் போகிற மாதிரி. தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிற சீசன் கூட்டத்தைக் குற்றாலத்துக்கு வாடகைக்கு ஓட்டப் போறாவளாம். குதிரை வண்டிக்கெல்லாம் காலம் முடிஞ்சு போச்சாம். கார் ஓட்டக்கூடப் படித்தாகிவிட்டது. எனக்குத்தான் சொல்லலை.

வாங்க என்ன வழி என்று கேட்டேன். இலத்தூர்க் குளத்துக்குக் கீழே எங்கப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்த வயல் இருக்கே, அதுதான் வழி. இந்த வீட்டில் என் பேரில் இருக்கிறது அது ஒன்றுதான்.

சித்திரை 12

ரெண்டு பழைய வண்டி விலைக்கு இருக்கிறது. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயசு, அண்ணன் தம்பி மாதிரி. கறுப்பு, செங்கோட்டையில் இறந்துபோன டாக்டருடையது. பச்சை, இங்கே தரகர் பிச்சைமணியிடம் நிற்கிறது. என் வயலாச்சே, நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். இவுக அக்கா இராமலட்சுமி மதினியும் கூட வந்தாள். அவள் இல்லாமல் இவுக வேட்டிகூட எடுக்க மாட்டாவ.

டாக்டர் சம்சாரம் பார்வதியம்மாள் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். முன்னால் ஹாண்டிலை ஒரு சுற்றுத்தான் சுற்றினாவ, எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி நின்ற இடத்தில் தரை காய்ந்து கிடந்தது.

பிச்சைமணி வாசலில் பச்சை வண்டிக்கு அடியில் தாம்பாளம் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மேலே மட்டும் புதுப் பெயிண்ட், பித்தளை ஹாரன். அதை அமுக்கி அமுக்கிக் காட்டினான். எஞ்சினைத் திறந்து காட்டுங்க என்றால், முதல்ல காப்பி சாப்பிடுங்க என்கிறான்.

கறுப்பையே எடுப்போம் என்றேன். மதினிக்கு வந்ததே கோபம்! "ஏட்டி, தாலி அறுத்த வீட்டு வண்டியையா புருசனுக்கு வாங்கிக் குடுப்பே?" கடைசியில், அம்மனிடமே கேட்போம் என்று முடிவாச்சு.

சித்திரை 15

முப்பிடாதி அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். கறுப்பு வண்டிக்கு வெள்ளை அரளி, பச்சைக்குச் சிவப்பு அரளி. தனித்தனியாக இலையில் பொதிந்து சன்னதியில் போட்டாச்சு. மதினி மகள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவுக முகத்திலும் ஒரு தெளிவு. உடனே மதினி, "முறுக்கு தின்ன கை. கழுவிட்டு இன்னொருக்க எடுக்கட்டும்" என்றாள். இன்னொருக்க எடுத்தாள். சிவப்பு. "பாத்தியா, அம்மா சொல்லிட்டா!" என்றாள் மதினி.

அப்போ முதல்ல சொன்னது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?

இவுக உடனே பிச்சைமணிக்கு ஆள் அனுப்பிட்டாவ. அக்கா கிழிச்ச கோட்டைத் தாண்டுற ஆளா!

சித்திரை 22

வயலை வித்து எழுதிக் கொடுத்தாச்சு. பணம் நேரே பிச்சைமணி கைக்குப் போச்சு.

வைகாசி 3

பச்சை வண்டி வந்தது. சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்தப் பழத்தை நசுக்கவே நாலு பேர் தள்ள வேண்டியிருந்தது.

ஆனி 18

சாரல் பிடித்துவிட்டது. ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம். மதுரைக் குடும்பம் ஒன்றை ஐந்தருவிக்கு ஏற்றிப் போனாவ. பாதி வழியில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பின்னாலேயே வந்த நம்ம ஊர் வியாபாரி முகம்மது கனி அவர்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம். என்ன வண்டி? டாக்டர் வீட்டுக் கறுப்பு வண்டி. நாங்கள் வேண்டாம் என்றதும் அவர் வாங்கியிருக்கிறார். ஓய்ச்சல் ஒழிவில்லாமல் ஓடுதாம்.

"கனி அண்ணாச்சி ஏதும் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"எஞ்சினுக்கு ஏது தாலின்னு சிரிச்சாரு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாவ. பாவமாகவும் இருந்தது. நல்லா வேணும் என்றும் இருந்தது.

ஆடி 7

நேற்று ஆரியங்காவுக்குச் சவாரி. திரும்பி வரும்போது புளியறை பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. பேய் மழை. செங்கோட்டை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாவளாம். உடம்பு அனலாகக் கொதிக்குது. "வண்டியத் துடைச்சு வை, நாளைக்குச் சவாரி இருக்கு" என்கிறாவ. துடைச்சு வைக்கணுமாம்! தீ வைக்கணும் அதுக்கு.

ஆடி 11

ஜன்னி கண்டிருக்காம். செங்கோட்டை டாக்டரைக் கூப்பிடுங்கன்னு வாய் வரைக்கும் வந்துட்டுது. அவரு எங்க இருக்காரு!

ஆடி 13

போயிட்டாவ.

ஐப்பசி 6

இவ்வளவு நாள் எழுதவில்லை. என்னத்தை எழுத?

வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. பின் ஸீட்டில் கோழி முட்டையிடுது. மதினி வீட்டுக்காரர் வீரபாகு அண்ணாச்சி ஆள் வைத்து எஞ்சினைப் பிரித்து மாட்டச் சொன்னார். இப்போது ஒரே சுற்றில் பிடிக்கிறது. இப்போ! யாருக்காக?

விற்றால் இலத்தூரில் ஒரு துண்டு வயலாவது திரும்ப வாங்கலாம். அது ஒன்றுதான் இனி எனக்கு.

ஐப்பசி 14

வீரகேரளம்புதூரிலிருந்து செல்லப்பா என்று ஒருத்தர் வாங்க வந்தார். ஓட்டிப் பார்த்தார். ரொம்பப் பிடித்துப்போச்சு. தண்ணீர்ச் செம்பை நான் நீட்டினேன். அப்போதுதான் என் நெற்றியைப் பார்த்தார். தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

நான் உள்ளே போய்விட்டேன். மதினியிடம் அவர் பேசியது கதவுக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. "வண்டி நல்ல வண்டிதான். வீடுதான்... எங்க வீட்டுப் பொம்பளைக ஒத்துக்கிட மாட்டாவ."

"அதுக்கென்ன" என்கிறாள் மதினி. "ரெண்டு நாள் எங்க வீட்டு வாசல்ல நிறுத்துதேன். சுமங்கலி நான், என் கையால சாவி தாரேன். இவ எதிர்ல வராம பாத்துக்கிடுதேன்."

எதிர்ல வராம. பார்வதியம்மாள் ஏன் அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றாள் என்று அப்போதுதான் உறைத்தது. நான் நின்றதும் அதே இடம்தான்.

சாவியை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனேன். வண்டிக்கு முன்னால் நின்றேன். "இது என் வயலு. என் கையால வாங்குனா வாங்குங்க. இல்லேன்னா வந்த வழியப் பாருங்க" என்றேன்.

வந்த வழியைப் பார்த்துவிட்டார். மதினி வைத வசவை எழுதினால் பேனா அழுகிப்போகும்.

ஐப்பசி 20

கனி அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினேன். குறைத்துத்தான் கேட்டார். வியாபாரி, வேறு எப்படிக் கேட்பார்? ஆனால் என் முகத்தைப் பார்த்து, என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இந்தப் பணத்துக்கு இலத்தூரில் வரப்புகூட வராது. ஒரு கறவை மாடு வரும்.

ரெண்டு வண்டியும் இப்போது அவர் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்குதாம். ரெண்டுமே தாலி அறுத்த வீட்டு வண்டி. தென்காசியில் வேறு வாடகைக் கார் கிடையாது. வருகிற சாரலுக்கு மதினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு எப்படிப் போவாளாம்? நடந்தா?