பொன்னாடைக்குப் போன போர்வை

6-3-1983, ஞாயிறு

பசுமலையில் துணிக்கலைக் காட்சியகம் திறந்தார்கள். மேடையில் எனக்கொரு பொன்னாடை. பதிலுக்கு நான் கொடுத்தது, வீட்டுக் கொடியில் காய்ந்த ஒட்டுப்போர்வை.

போன வாரம் காட்சியகத்துக்கு நன்கொடை கேட்டு வந்த சூடாமணி அம்மாள், காலேஜில் பாடம் நடத்தி ரிட்டயரானவர், அதைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துவிட்டார். "கலைப் பொக்கிஷம் சார்!" என் கட்பீஸ் கடையில் கழித்துப்போட்ட துண்டுகளை என் வீட்டுக்காரி ஒச்சம்மாள் சேர்த்துத் தைத்தது. அவள் அப்போது வாடிப்பட்டியில். மகள் தங்கப்பொண்ணைப் பேறுகாலத்துக்கு அழைத்துவரப் போயிருந்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பலகையில் 'வழங்கியவர்: முத்திருளன், ஜவுளித் தொழிலதிபர்.' கட்பீஸ்காரன் தொழிலதிபராக ஒரு கந்தல் போதும்.

8-3-1983

ஒச்சம்மாள் வந்ததும் கொடியைத்தான் பார்த்தாள். "எங்க என் போர்வை?"

பொன்னாடையைக் காட்டினேன்.

"தங்கப்பொண்ணு பொறந்து கெடந்த துணிங்க அது! அவ பிள்ளைய எதுல போடுவேன்? இந்தச் சரிகையிலயா?"

பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தான் கிடத்துவோம். எனக்குத் தெரியாததா? மேடை ஆசை — வேறென்ன.

9-3-1983

வீட்டில் பேச்சு இல்லை. சாம்பாரில் உப்பும் இல்லை.

11-3-1983

காட்சியகம் போனேன். கந்தலுக்குக் கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு, 'தொடாதீர்கள்' என்று அதட்டல் வேறு. தாடிக்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "அந்த நீலத்துல ஒரு சோகம் இருக்கு" என்றார். ஐயா, அது சோகமில்லை. சாயம் போன பாப்ளின். சீந்த ஆளில்லாமல் கிடந்த சரக்கு. அப்போது சோகம் எனக்குத்தான்.

சூடாமணி அம்மாளிடம் திருப்பிக் கேட்டேன். "பதிவாயிடுச்சே சார். இதே மாதிரி பழசு இன்னொண்ணு குடுத்தா மாத்திக்கலாம்."

வியாபாரியிடம் சொல்லுகிற பேச்சா இது, தாயே!

வீட்டில் வந்து சொன்னேன். ஒச்சம்மாள் தையல் பெட்டியைத் திறந்தாள்.

17-3-1983

புதுப் போர்வை தயார். டீத்தண்ணீரில் முக்கிக் காயவைத்துப் பழசாக்கியது மட்டும் என் வேலை. நடுவில் என்ன பளபளப்பு? பீரோவைத் திறந்தேன். பொன்னாடையைக் காணோம்.

கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் சோறு எங்கே தின்பது?

19-3-1983

மாற்றியாயிற்று. சூடாமணி அம்மாள் சரிகையைத் தடவித் தடவிப் பார்த்தார். "இது ஏது சார்?"

"பெரியவங்க கையால வந்ததும்மா" என்றேன். பொய்யா? மேடையில் எனக்குப் போர்த்தியது அவர் கைதானே! கண்ணில் ஒற்றிக்கொண்டார். பலகையில் என் பெயர் அப்படியே இருக்கிறது.

28-3-1983

பேத்தி. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்தாள். கிடத்திய கையோடு கலைப் பொக்கிஷத்தை நனைத்துவிட்டாள்.

காலையில் ஒச்சம்மாள் அதை அலசிக் கொடியில் போட்டாள். கூடையை எடுத்தவள், இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரேன். யாராச்சும் வந்து கன்னத்துல கை வச்சா, நீங்க கொடிப்பக்கம் போயிராதீக."

சரி என்றேன். கடை திறக்கவில்லை. தொழிலதிபர் கொடிக்குக் காவல்.