அவன் புது மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முட்டி மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா என்று போனில் கேட்டால் ‘ம்’ என்கிறாய், அந்த ‘ம்’ எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது சொல்லப்போவதைப் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே ‘விடும்மா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

நீ அங்கே போன பிறகு நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தது தெரியுமே, பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து சீட்டில் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, மற்றபடி வாய்தான் வேலை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் புதிதாக ஒருத்தி வந்தாள். பாரத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் உன் பழைய புருஷன் பெயர், கீழே அதே வீட்டு விலாசம். இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். மனச்சோர்வுக்கு டாக்டர் உனக்கு எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டை நம் கூடத்தில் உன் மாமா முன்னால் ஆட்டி, ‘உங்க வீட்டுப் பொண்ணு லட்சணத்தப் பாருங்க, பைத்தியத்தக் கட்டி வச்சுட்டீங்க’ என்று சொன்னவன் அவன். மூன்று வருஷமாக அவன் நாசமாகப் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பல் துலக்குகிறவள் நான். அவன் வீட்டு ஆள் ஒன்று என் கையில் தானாக வந்து மாட்டியிருக்கிறது, விடுவேனா?

முதல் வாரம் அவளைப் படுத்தி எடுத்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். நாற்சந்தி நடுவில் வண்டி நின்றுபோனபோது உதவாமல் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தேன், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தது, அவள் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாள். அதைப் பார்த்து எனக்கு ருசியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மூன்று நாளில் வேறு சிலவும் கண்ணில் பட்டன. சிக்னல் சிவப்பானால்கூட ‘சாரி’ என்கிறாள். போன் மடியிலேயே கிடக்கும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவன் கூப்பிடுவான், உடனே ஓரங்கட்டி எந்தத் தெரு, பக்கத்தில் யார் என்று ஒப்பிப்பாள். ‘அவருக்கு என் மேல அக்கறை ஜாஸ்திம்மா’ என்றாள். இதே வார்த்தையை நீ நம் சமையலறையில் நின்று சொன்னாய், நான் மண்டு, கேட்டுப் பூரித்துப்போனேன். கட்டைவிரல் தோலை உரித்துக்கொண்டே இருப்பதும், டீயா காபியா என்றால் முழிப்பதும் உன்னிடம் பார்த்தவைதான். அன்றைக்கு அது நோய் என்றும் எனக்குப் புரியவில்லை, எங்கிருந்து வருகிறது என்றும் புரியவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் என்னை அரிக்கிறது.

எட்டாம் நாள் காலி மைதானத்தில் ரிவர்ஸ் பழகும்போது நான் யார் என்பதைப் போட்டு உடைத்தேன். அவள் இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னாள், ‘தெரியும்மா. அலமாரி அடியில பழைய கல்யாண போட்டோ கெடக்கு, அதுல நீங்க உங்க பொண்ணு பக்கத்துல நிக்கிறீங்க. மொத நாளே அடையாளம் தெரிஞ்சுபோச்சு.’ பிறகு ஏன் வேறு ஆளைக் கேட்கவில்லை என்றேன். ‘அவங்களுக்கு நெஜமாவே மனசு சரியில்லாமப் போச்சா, இல்ல அந்த வீட்ல இருந்தா யாருக்கும் அப்படித்தான் ஆகுமான்னு கேக்கணும்னு இருந்தது. இப்ப என்னையும் பைத்தியம்ங்கிறாரு’ என்றாள்.

அதன் பிறகு என் ஆத்திரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. நீ போன அதே மனநல கவுன்சிலர் அம்மாவின் கட்டடத்து முன்னால் தினமும் பார்க்கிங் பயிற்சி வைத்தேன், வாரத்தில் இரண்டு நாள் அவள் மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள், நான் காரில் காத்திருப்பேன். போனை வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுப் பூட்டினேன். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவன் எங்கள் ஸ்கூல் ஆபீசுக்கே போன் பண்ணிக் கத்தினான், எடுத்தது நான்தான், ‘வண்டி ஓட்டறப்ப போன் கூடாதுங்க, ஸ்கூல் சட்டம்’ என்றேன். முன்னாள் மாமியார் குரல்கூட அவனுக்குத் தெரியவில்லை. தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவளைப் பயிற்சிக்கே அனுப்பினான், ஊரிலேயே நன்றாக ஓட்டுகிறவளாக அவளை ஆக்கிக்கொடுத்தேன்.

முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் டெஸ்டில் பாஸ் பண்ணினாள். அடுத்த வாரம் அவன் காரிலேயே தன் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய் அக்கா வீட்டில் இறக்கினாள், அக்காவோடு திரும்பி வந்து காரை அவன் ஆபீஸ் வாசலில் ரிவர்ஸில் ஒரே திருப்பில் நிறுத்தி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டாள். மறுநாள் அவன் ஸ்கூலுக்கு வந்தான். கவுண்ட்டரில் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். ‘நீங்களா? உங்க பொண்ண மாதிரியே இவளையும் பைத்தியமாக்கிட்டீங்களா?’ என்றான். பாடம் கேட்க உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நிதானமாகச் சொன்னேன், ‘ரெண்டு பேருக்கும் பைத்தியம்னா தம்பி, ரெண்டு பேரும் இருந்த வீடு ஒண்ணுதானே.’ யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வந்த வழியே போய்விட்டான்.

நெஞ்சு குளிர்ந்தது, மகளே. அவளுக்காகத்தான் செய்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன், பாதிக்கு மேல் பழிதான். அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை, ஆனால் நான் சொல்லி முடித்ததும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கவுன்சிலர் அம்மா என்னையும் ஒரு நாள் உட்காரவைத்தார், அவனை மன்னிக்கவேண்டுமா என்று கேட்டேன். கட்டாயமில்லை, அவனை நினைக்காமல் ஒரு கப் காபி முழுசாகக் குடிக்க முடிகிறதா பாருங்கள் என்றார். இப்போதைக்குப் பாதிக் கப் வரை வருகிறது.

நீயும் அங்கே இப்படி ஒரு நல்ல கவுன்சிலராகப் பார்த்துப் பேசு, மாத்திரையை இஷ்டத்துக்குப் பாதியாக உடைக்காதே. அவன் உனக்கு மெசேஜ் அனுப்பினால் படிக்காமல் அழி, சமாதானம் பேச இப்போது உன்னைத்தான் தேடுவான். தைரியமாக இரு, கண்ணு, நிறைய நாள் சிரித்துக்கொண்டு நன்றாக வாழ்வாய்.

மறக்காமல் ஒன்று செய். அந்தப் பெண் உன்னிடம் கேட்கச் சொன்னாள், குளிக்கும்போது யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி உனக்கும் கேட்குமா, எத்தனை நாளில் அது நின்றது என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் அக்கா வீட்டு விலாசம் பின்பக்கம் இருக்கிறது, நீயே எழுது.

உன் அம்மா