கண்டியில் கப்பல் ஓடுவதில்லை, மகள்

குண்டசாலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் இல்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அங்கே அந்தக் குளிர் இருமலைத் தவிர நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், அல்ஹம்துலில்லாஹ். இன்று சுபஹு தொழுததும் நான் செய்த முதல் வேலை, உன்னுடைய விண்ணப்பத்தை நாலாய் மடித்துக் குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்ததுதான். இரண்டு நாளாக அது என் கைப்பையில் கிடந்தது, வாப்பா கடைப் பூட்டின் திறப்பைத் தேடுகிறேன் என்று என் பையைக் கிண்டுகிற பழக்கம் உனக்குத் தெரியும்தானே. எந்த விண்ணப்பம் என்று நீ யோசிப்பாய். நீ எங்கள் கண்டிக் கந்தோருக்கு, ஏக்கநாயக்க மேடத்தின் சட்ட அலுவலகத்துக்கு அனுப்பியதுதான். அப்படி ஒன்று அனுப்பியது உனக்கே தெரியாது என்பதுதான் என் கோபத்துக்கு முதல் காரணம். போனில் சொல்ல முடியாது, நான் எதைத் தொடங்கினாலும் சரி உம்மா, சரி உம்மா என்று சொல்லிக்கொண்டு நீ வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். ஜஹானா மாமியின் மகன் அஸ்ஃபர் புதன்கிழமை இங்கிலாந்துக்கு, உன் லெஸ்டருக்கே திரும்புகிறான், மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதையும் வைத்து அனுப்புகிறேன். தூளை எடுத்து வைத்துவிட்டு, ஓரிடத்தில் இருந்து, முழுதாய் வாசி.

போன ஞாயிறு நீ பேசியது இன்னும் என் காதில் நிற்கிறது. நாப்பது இடத்துக்கு அனுப்பிட்டேன் உம்மா, ஒருத்தரும் பதில் போடல்ல, அந்த நாட்டுல ஆள் தெரிஞ்சாத்தான் எல்லாம், நான் படிச்சு முடிச்சிட்டு இங்க லெஸ்டர்லயே ஈந்துக்கிறேன் என்றாய். பக்கத்தில் இருந்த வாப்பா அன்றைக்கு இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. நானும் உன் பக்கம்தான் நினைத்தேன், மூன்றாம் வருடம் சட்டம் படிக்கிற பிள்ளைக்கு விடுமுறைக் காலத்தில் பயிற்சிக்கு ஒரு கதிரை கொடுக்க இந்த நாட்டில் ஒரு சட்டத்தரணிக்கும் மனமில்லையா என்று கந்தோரில் வைத்துக்கூட முணுமுணுத்தேன். அதை நினைக்க இப்போது முகம் எரிகிறது.

நடந்தது இதுதான். ஜூலை மாதத்திலிருந்து இரண்டு மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பதாக ஏக்கநாயக்க மேடம் அறிவித்திருந்தார். அவருக்குக் கணினியில் வாசிக்கப் பிடிக்காது, வந்ததையெல்லாம் நான் அச்செடுத்துக் கட்டாக வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் நீதிமன்றத்திலிருந்து வந்து கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். அன்று காணி உறுதிப் பத்திரங்கள் இரண்டு முடிக்க இருந்ததால் நான் எதையும் வாசிக்காமல்தான் அச்செடுத்திருந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ ஒன்றை எடுத்து மேடம் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். டியர் சேர் என்று தொடங்கியது. இருபத்தைந்து வருடமாக இந்தக் கோட்டைப் போட்டும் நான் இன்னும் சேர்தானா என்று கேட்டார். அடுத்த வரியில், கப்பல் போக்குவரத்து, துறைமுகச் சட்டம் ஆகியவற்றில் உங்கள் நிறுவனத்தின் சாதனைகளை நான் நீண்டகாலமாக அவதானித்து வருகிறேன் என்று இருந்தது. மேடத்துக்கு மேலே வாசிக்க முடியவில்லை, கண்ணீர் வரச் சிரித்தார். ஜூனியர் தினேஸ், அதுதான் ஹந்தானையிலிருந்து வருகிற பையன், நீ போன பிறகு சேர்ந்தவன், அவன் என் பக்கம் திரும்பி, நம்ம கண்டி வாவியில ஓடுற ரெண்டு போட்டும் மோதிக்கிட்டா கேஸு நமக்குத்தாங்க அக்கா, இப்பவே பைல் ஒண்ணு தொறந்து வச்சிருங்க என்றான். நானும் சிரித்தேன் மகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மேடம் அந்தத் தாளை வேண்டாத பக்கத்தில் போட்டார், நான் எடுத்து அடுக்கப் போனபோதுதான் அடியில் இருந்த பெயரைக் கண்டேன். மேடம் உன் பெயர் வரைக்கும் வரவில்லை. நீ அவருடைய பெயர் வரைக்கும் வராதது போலவே.

இதை எப்படித் தாங்குவது என்று சொல். பன்னிரண்டு வருடமாக நான் வேலை செய்கிற கந்தோர் இது. பாடசாலை விட்டு வந்து பின்பக்க மர வாங்கில் உட்கார்ந்து நீ வீட்டுப்பாடம் செய்த கந்தோர், மேடத்தின் இஞ்சி பிஸ்கட் டின்னை நீதான் காலி செய்வாய். அந்தப் பெயர் உன் பட்டியலில் இருந்தது, நீ அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கொழும்பில் எந்தக் கப்பல் கந்தோருக்கோ கணினி எழுதிக் கொடுத்ததை ஒரே இரவில் நாற்பது பேருக்கும் தள்ளிவிட்டாய். அது உனக்குப் பொத்தானில் ஒரு அழுத்து. இந்தப் பக்கத்தில் அதை ஒரு மனிதர் கையில் எடுக்கிறார், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், இந்தப் பிள்ளையை என் கட்சிக்காரர் முன்னால் இருத்தலாமா என்று யோசிக்கிறார். அதை நீ நினைக்கவே இல்லை.

நீ என்ன எழுதியிருக்கலாம் என்று இரண்டு நாளாக எனக்குள்ளேயே எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சோறு வடிக்கும்போதும் அதுதான், பஸ்ஸிலும் அதுதான். திங்கட்கிழமை என்றால் ஹுன்னஸ்கிரியவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கள் கந்தோர் திறக்கும் முன்பே படியில் இருப்பார்கள். பொலித்தீன் பையில் சுற்றிய பழைய கடதாசிகள், தாங்கள் இருக்கிற காணி யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாது, அவர்கள் தமிழில் சொல்வார்கள், மேடம் சிங்களத்தில் கேட்பார், மேல்நீதிமன்றத்துக்குப் போவதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நடுவில் நின்று மூன்றையும் சேர்க்கிற ஆளைத்தான் அவர் தேடுகிறார். நீ ஏழாம் வகுப்பில் படிக்கும்போதே ஒருநாள் நான் வங்கிக்குப் போயிருந்த நேரம், பிள்ளைச் செலவுக்குத் தாபரிப்பு வழக்குப் போட வந்த ஒரு தாய்க்கும் மேடத்துக்கும் இடையில் நின்று பேசிக் கொடுத்தாயே, மேடம் அதை இன்னமும் சொல்வார். அது உன் கடிதத்தில் இல்லை. உன் மூன்று மொழிகள் இல்லை. கண்டி என்ற சொல்லே இல்லை. ஆற்றல்மிக்க, உத்வேகம் நிறைந்த, சவால்களை விரும்பும் என்று இருந்தது. அதை வாசித்து யாரால் உன்னை அடையாளம் காண முடியும், பெற்ற நானே காணவில்லையே.

மேடம் எடுத்து வைத்த ஒரே கடிதம் அக்குறணைப் பிள்ளை ஒன்று எழுதியது, பெயர் மஸாஹிரா. அரைப் பக்கம்தான். நீதிமன்றத்தில் பொதுமக்கள் இருக்கிற இடத்தில் வந்து இருந்து மேடம் ஒரு காணிப் பிரிவினை வழக்கைப் பேசுவதைப் பார்த்திருக்கிறாள், வேலி எங்கே இருந்தது என்று சாட்சியிடம் கேட்காமல், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நீங்கள் கேட்டது எனக்குப் புதிதாக இருந்தது என்று எழுதியிருந்தாள். சிங்களம் பேசுவேன், ஆனால் எழுத நேரம் எடுக்கும் என்றும் மறைக்காமல் எழுதியிருந்தாள். எங்கே வரப்போகிறோம் என்று தெரிந்து வருகிற பிள்ளை என்றார் மேடம். நான் லெஸ்டரில் இருந்துகொண்டு எப்படி உம்மா நீதிமன்றத்துக்கு வருவது என்று நீ கேட்பாய். நியாயம்தான். ஆனால் உனக்கு ஒரு போன் இருந்தது. உம்மா, கண்டியில் யார் என்ன வழக்குப் பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே. நீ கேட்காமல் விட்டது மேடத்தை அல்ல, என்னை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, சரியோ பிழையோ அப்படித்தான் வலிக்கிறது.

மற்றச் சங்கதிகள் என்றால், குரங்குகள் வந்து அவகாடோ மரத்தை மொட்டையாக்கிவிட்டன. தம்பி ஹுதைபா சாதாரண தரப் பரீட்சையை வைத்துக்கொண்டு போனும் கையுமாக இருக்கிறான், ராத்தாவைப் போல நானும் வெளியே போய்ப் படிப்பேன் என்கிறான், முதலில் கணக்கில் சித்தியடை என்றேன். வாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை நடந்தது எதுவும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன பஸீஹா, ஏதும் சொகமில்லையா, ஒரு மாதிரி ஈக்கிறீங்க என்று கேட்டார், தலைவலி என்றேன். அவருக்குச் சொன்னால் அந்த நிமிடமே ரம்புட்டான் பழப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் வீட்டுக்கு உனக்காகப் பேசப் போய்விடுவார்.

நான் ஏன் அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சலுகை கேட்கக் கூடாது என்ற நேர்மை என்று முதலில் நினைத்தேன். இல்லை மகள், வெட்கம்தான். எல்லோரும் சிரித்து முடிந்த கையோடு, அது என்னுடைய பிள்ளை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அது என்னை உறுத்துகிறது, உன் கடிதத்தைவிடக் கூடுதலாக உறுத்துகிறது.

இனி நான் சொல்வதைக் கேள். நாற்பதை மறந்துவிடு. மூன்று இடத்தைத் தெரிவு செய். யார் அங்கே இருக்கிறார்கள், ஆணா பெண்ணா, என்ன வழக்குப் பேசுகிறார்கள், காலையில் அவர்களின் படியில் யார் வந்து இருக்கிறார்கள் என்று தேடு, என்னிடம் கேள், தினேஸிடம் கேள். பிறகு உன்னிடம் உள்ளதில் அவர்களுக்கு எது உதவும் என்று பார்த்து அதை எழுது, இல்லாததை எழுதாதே. கப்பல் கந்தோருக்கு எழுத ஆசையென்றால் எழுது, ஆனால் கப்பலைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டு எழுது. மூன்று கடிதத்துக்கு மூன்று வாரம் போனாலும் பரவாயில்லை. எங்கள் கந்தோருக்கு மட்டும் மறுபடி எழுத வேண்டாம்.

அல்லாஹ் உன் அறிவிலும் ஆரோக்கியத்திலும் பரக்கத் செய்வானாக, ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கேட்கிறேன், கோபத்தோடு கேட்டாலும் கேட்காமல் விடுவதில்லை. இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. அஸ்ஃபரிடம் மிளகாய்த்தூள் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட மறக்காதே, அது மாமியுடையது.

இன்னும் ஒன்று, இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. எடுபடாதவர்களுக்கு வருந்துகிறோம் என்று எழுதி அனுப்புவது என் வேலை. நாளைக் காலையில் உனக்கும் மின்னஞ்சலில் அனுப்புவேன், இந்தக் கடிதம் கிடைக்கும்போது அது உன்னிடம் வந்திருக்கும், கடைசி வரி வரைக்கும் வாசித்திருந்தால் அடியில் என் பெயரைக் கண்டிருப்பாய். அதை அனுப்பி முடித்த பிறகுதான் மேடத்தின் அறைக்குப் போய், அந்தக் கப்பல் பிள்ளை என் மகள் என்று சொல்லப் போகிறேன். முன்னால் சொன்னால் அவர் என் முகத்துக்காக உன் தாளைத் திரும்ப எடுத்துவிடுவார், இந்த நாட்டைப் பற்றி நீ சொன்னதை நானே உண்மையாக்கியது போலாகும். சொல்லாமலே விட்டால் தினேஸ் நாளையும் அந்த போட் கதையைச் சொல்வான், நானும் கூட இருந்து சிரிக்க வேண்டிவரும். இனி என்னால் அதற்குச் சிரிக்க முடியாது.

உன் உம்மா,
பஸீஹா