இருமல் மருந்தும் மிளகு ஏணியும்

சிஸ்டர்,

இன்று மருந்தறையில் இருமல் மருந்துப் புட்டி ஒன்று கை தவறி உடைந்தது. அந்த இனிப்பு வாசனை வந்ததும் உங்கள் ஞாபகம்தான். நீங்கள் மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. என்னைத் திட்டினவர்களையெல்லாம் மறந்துவிட்டேன். நான் திட்டின உங்களை மறக்க முடியவில்லை.

இந்த மலை ஆஸ்பத்திரியில் நான் மாத்திரை கொடுக்கிறவன், நீங்கள் வீடு வீடாகப் போகிற நர்ஸ். அன்று மழையில் நனைந்து வந்து உங்கள் நோட்டை என் மேஜைமேல் வைத்தீர்கள். "சார், ஆலத்தூர் நாட்டு ஊருங்கள்ல பிரஷர் மாத்திரை சாப்பிடற அஞ்சு பேருக்கு விடாத வறட்டு இருமலுங்க. உங்க ரெஜிஸ்டரையும் குடுங்க, சேத்து வெச்சுப் பாக்கலாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "இங்க ஒருத்தரும் இருமல்னு வரலை. மலைக் குளிர்ல இருமாம என்ன பண்ணுவாங்க? உங்க வேலையைப் பாருங்க" என்றேன். என்ன திமிர் எனக்கு!

இங்கே வராதவர்கள் இருமலுக்கு எங்கே போகிறார்கள் என்று நீங்கள் தேடினீர்கள். சந்தை நாளில் பஸ் ஏறி மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கே இறங்கிப் போனீர்கள். மிளகு விற்கப் போன நம் ஆட்கள், அங்கேயே மருந்துக்கடையில் இருமல் மருந்தும் வாங்கி வந்திருக்கிறார்கள். வெறும் இருமலுக்கு டாக்டரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்தார்களாம். கடைக்காரர் அடையாளம் சொன்னதும் அதே ஐந்து பேரைத்தான்.

மறுநாள் அவர்களில் ஒருவரான வெள்ளையண்ணனின் மனைவியைக் கூட்டி வந்தீர்கள். "ஒத்த மூங்கில் ஏணியில ஏறி மிளகு பறிக்கிறாருங்க. உச்சியில நின்னு இருமுனா ஏணியே ஆடுது. கீழ புடிச்சிட்டு நிக்கற எனக்கு உசுரே இல்லீங்க சார்" என்று அந்தம்மா அழுதார். அப்புறம்தான் ரெஜிஸ்டரைத் திறந்தேன். ஐந்து பேருக்கும் ஒரே பிரஷர் மாத்திரை, சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவருகிற வகை. கொடுத்தது என் கை. வெட்கத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

டாக்டர் எல்லோரையும் வரவழைத்துப் பார்த்து மாத்திரையை மாற்றினார். மாவட்டத்துக்கு அனுப்பும் பக்கவிளைவுப் படிவத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதப் போனேன். "ரெண்டு பேரு பேரையும் போடுங்க சார். என் நோட்டை மட்டும் வெச்சு என்னத்தைக் கண்டுபுடிச்சிருப்பேன்?" என்று சிரித்தீர்கள். சில வாரங்களில் இருமல் நின்றது.

அன்று நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன், நன்றி சிஸ்டர். இப்போதெல்லாம் மாத்திரையை நீட்டும் முன்பு, "வேற எங்காவது மருந்து வாங்குறீங்களா?" என்று எல்லோரிடமும் கேட்கிறேன். சொல்லத் தயங்குகிறவரை உட்கார வைத்துப் பேசுகிறேன்.

வெள்ளையண்ணன் இந்த வருஷமும் மிளகு பறித்தார். அந்தம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லையாம், வீட்டில் சோறாக்கிக்கொண்டிருந்தாராம்.