இரண்டு பெயரில் ஒரு பிள்ளை

14 ஆகஸ்ட் 1979, செவ்வாய்

என் வேலையில் தப்பே வராது என்று நல அலுவலகத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல.

என் கணவர் இறந்தபின் நானே கேட்டு வாங்கிய வேலை இது. தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையின் பதிவேட்டையும் கிளினிக் எடை அட்டைகளையும் ஒப்பிட்டு, ஒரே பிள்ளையின் தாள்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துவர ஆள் அனுப்புவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் நான் சேர்ப்பதில்லை. கான்வென்ட் சிஸ்டர்களிடம் கற்ற ஒழுங்கு.

இன்று காலை நான் பெயர்களை வாசித்தபோது கொட்டகை ஆயா முனியம்மா சிரித்துவிட்டாள்.

"பாப்பாத்தியும் விஜயலட்சுமியும் ஒரே புள்ளதான் லா, மேடம். சூராட் பெரானாக்ல, அந்தப் பொறப்புப் பத்திரத்துல, உள்ள பேர எஸ்டேட்ல யாரு கூப்பிடுறா?"

கொட்டகையின் பாப்பாத்தி ஏப்ரலுக்குப் பிறகு வரவில்லை. கிளினிக்கின் விஜயலட்சுமிக்கு எடை மூன்று முறை குறைந்திருக்கிறது, கையில் சூட்டுக் காயம். சேர்த்துப் பார்த்திருந்தால் யாராவது போயிருப்பார்கள். நான் தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தேன்.

மத்தியானம் முனியம்மாவோடு தொழிலாளர் லயத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது.

"வீட்ட காலி பண்ணிட்டு சித்தியவான் டவுன் பக்கம் போயிட்டாங்கம்மா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பிள்ளையும் போனதா?"

"அத நான் பாக்கலையே."

இரவு ஜெபம் வரவில்லை. நாளை அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டியதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

பிழை என்னுடையது. மூன்று வயது விஜயலட்சுமி உயிரோடு இருக்கிறாளா, யாரிடம் இருக்கிறாள் என்று விசாரித்து, எனக்கு எழுத்து மூலம் பதில் தரவும்.