அறுந்த கசெட்டில் அக்காவின் குரல்

அன்புள்ள ராத்தா,

இன்று காலை என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் அடுப்பில் இருந்த கறியை மறந்து நின்றுவிட்டேன். "என்னம்மா ஆச்சு?" என்றாள். பதுளை பஜாரில் உங்கள் ரேடியோக் கடையின் பின்னறையைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் இறந்துபோனதுகூட எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

என் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் பாஸ்போர்ட் கிடைத்து இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அக்கா முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளையை ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பறிகொடுத்தவள். அவளுக்கு எழுதத் தெரியாது. எட்டு மாதம் ஒரு சேதியும் இல்லை. பிறகு இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய ஒருவர் துணியில் சுற்றி இரண்டு கசெட் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா பேசி அனுப்பியிருந்தாள்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த டேப் ரெக்கார்டரை வாங்கிவந்து போட்டோம். முதல் கசெட் முழுக்கக் கப்பலும், கேம்பும், கூடலூர்ப் பக்கத்து மழையும்தான். இரண்டாவதில்தான் அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். "வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ரொம்ப ரத்தம் போயிருச்சும்மா. விடியறப்போ புள்ள..." அவ்வளவுதான். டேப் நாடாவைச் சுற்றி விழுங்கியது. அப்பா பதறிப்போய் இழுக்க, அது அறுந்தது.

"போச்சுடி, இதுவும் போச்சு!" என்று அம்மா தரையில் விழுந்தாள். லயமே கூடிவிட்டது. வந்தவர்களும் இறந்த வீட்டில் அழுவதுபோல் அழுதார்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்காமல் கசெட்டோடு பஸ் ஏறினேன். பஜாரில் முதலில் போன கடையில், "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்கள். அடுத்தது உங்கள் கடை. உங்கள் வீட்டுக்காரர் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து தலையில் முக்காட்டோடு நீங்கள்தான் வந்தீர்கள்.

"அவர் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிரிக்கார். அவசரமா புள்ள?"

நான் அழுதுவிட்டேன். உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தீர்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கசெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"அறுந்தது நாடாதானே. அவங்க பேசினது அதுல அப்பிடியே இரிக்கி. அவர் செய்யிறதப் பாத்திரிக்கன். நான் ஒருக்காவும் செஞ்சதில்ல. பாப்பமா?"

"பாருங்க ராத்தா. இதுக்கு மேல என்னா கெட்டுறப் போவுது?"

திருகாணி இல்லாத கூடு அது. கத்தி நுனியால் பிளந்தீர்கள். கசங்கி நூலாய்ப் போன விரலளவு நாடாவை வெட்டி எடுத்தீர்கள். கல்யாண வீட்டுக்குப் பூசவென்று வைத்திருந்த நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்து இரு நுனியையும் ஒட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு காயும்வரை பிடித்திருந்தீர்கள். பிறகு வேறொரு பழைய கசெட்டின் கூட்டைக் கழற்றி அதற்குள் நாடாச் சுருளை வைத்து மூடினீர்கள்.

போட்டதும் ஏதோ புரியாத முனகல் வந்தது. நான் பதறி எழுந்துவிட்டேன். "பயப்படாதீங்க, நாடாவ நான்தான் பிரட்டி வெச்சிட்டன்" என்று மறுபடி திறந்தீர்கள்.

இரண்டாம் முறை அக்கா பேசினாள். "விடியறப்போ புள்ள..." ஒட்டிய இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. என் தோளைப் பிடித்திருந்த உங்கள் கை இறுகியது. "...கத்துன கத்துல நர்சம்மாவே சிரிச்சுட்டாங்க. பொம்பளப் புள்ளம்மா. நம்ம அப்பாயி மாதிரி மூக்கு." அதற்குப் பின்னால் அந்தக் குழந்தையே வீறிட்டு அழுதது.

நான் சிரித்தேன். நீங்கள்தான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். ஏன் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

உடனே புறப்பட்ட என்னைத் தடுத்து, "ஒட்டு எத்தின நாளைக்கி நிக்குமோ தெரியாது. வேறொரு கசெட்டுல பதிஞ்சி தாறன், அதப் போடுங்க. இத அப்பிடியே வெச்சிருங்க" என்றீர்கள். அது ஓடி முடியும்வரை இருவரும் பிள்ளையின் அழுகையை மறுபடி கேட்டோம். வீட்டில் அம்மா அதைக் கேட்டுவிட்டு எழுந்து முகம் கழுவினாள். அவள் சொன்னது ஒன்றுதான்: "இன்னொரு தடவ போடுடி."

அந்தப் பிள்ளைக்கு இப்போது பேரன் இருக்கிறான். வெட்டிப்போட்ட துண்டில் என்ன சொல்லியிருந்தாள் என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். அவளுக்கே நினைவில்லை.

போன மாதம் மகன் பண்டாரவளையிலிருந்து போனில் பேசினான். "அம்மா, பஸ் அடிபட்டு..." என்றதோடு லைன் போய்விட்டது. மருமகள் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அறுந்தது லைன்தானே" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் மறுபடி மணி அடித்தது. அவனுக்கு ஒன்றுமில்லை, முன்னால் போன பஸ்தான் மண்மேட்டில் மோதி நின்றதாம், வர நேரமாகுமாம். அந்த அரை மணி நேரமும் ராத்தா, நான் ஒரு சொட்டு அழவில்லை.